ஒரு சாண், நாலு விரல்

ஜூலை 10, புதன்

எதையும் வரிசை போட்டுக்கொண்டு தொடங்கினால் எனக்குப் பாதிப் பயம் போய்விடும். ஆகவே இந்த நோட்டில் வரப்போகிறவை:

1. எங்கள் தெருவில் வீடுகளுக்கு வரும் மின்கம்பிகள் ஏன் மண்ணுக்குள் போகின்றன என்பது.

2. புதைவடத்துக்கு விதி சொல்லும் ஆழம். அதற்கு மேல் போடவேண்டிய மணல், செங்கல், எச்சரிக்கை நாடா.

3. நான் கல்லூரியில் வாழ்நாள் முழுக்கக் கற்பித்தது ஒளியியல். ஆகவே இந்த வேலைக்கு நான் பொருத்தமானவன் அல்ல என்பது.

4. ஒப்பந்தக்காரர் மரியசிலுவைக்கு விதி தெரியாது. பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும் என்பது.

5. ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை முடிந்துவிடும் என்பது.

இனி நடந்தது. நேற்று மாலை பொன்மாரி நகர்க் குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் இசக்கியப்பன் அண்ணாச்சி, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வெல்லம் மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கம்பி உரசுகிறது, அதனால் சங்கச் செலவில் கம்பியைப் புதைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று மின்வாரியத்துக்கு மனுக் கொடுத்திருந்தோம். அனுமதி வந்துவிட்டது. உண்மையான காரணத்தை அண்ணாச்சியே கூட்டத்தில் சொன்னார்.

"ஆவணியில எம் மக கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்காரவிய கார விட்டு எறங்கி மேல பாத்தா, கொடிக்கயிறு கட்டுன மாரி கம்பியாத் தொங்குது. என்ன நெனைப்பாவ?"

பிறகு டெக்னிக்கல் கமிட்டிக்கு என் பெயரைச் சொன்னார்.

"நான் லென்ஸ், கண்ணாடி மட்டும்தான் அண்ணாச்சி நடத்தினேன்" என்றேன்.

"கரன்ட்டு இல்லன்னா லைட்டு இல்ல. லைட்டு இல்லன்னா ஒம்ம லென்ஸ வச்சு என்னத்தவே பாப்பீரு? எல்லாம் ஒண்ணுதான்."

கைதட்டினார்கள். பதினெட்டு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். எனக்காக யாரும் கைதட்டியதில்லை. கமிட்டியில் நான் ஒருவன்தான். வீட்டுக்கு வந்து பகவதியிடம் சொன்னேன்.

"ஒரு ஆளு கமிட்டின்னா சண்ட வராதுன்னு நெனைக்காதீங்க" என்றாள் என் மனைவி. "உங்களுக்கும் உங்களுக்கும் எந்த விஷயத்துல ஒத்துப்போயிருக்கு?"

ஜூலை 13, சனி

விதிப்புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை புரிந்தது தவறாக இருக்கலாம் என்பதால் இரண்டாம் முறை.

வீட்டுக்கு வரும் வடம் தரைக்குக் கீழே முக்கால் மீட்டர் ஆழத்தில் கிடக்க வேண்டும். அடியில் மணல். மேலேயும் மணல். அதன்மேல் செங்கல் வரிசை. அதற்கும் மேலே, மண் மூடும்போது பாதி உயரத்தில், 'அபாயம், கீழே மின்வடம்' என்று அச்சடித்த நாடா. இதன் தத்துவம் எளிது. பிற்காலத்தில் எவனாவது தோண்டினால் முதலில் நாடா கிழியும். அதைப் பார்த்தும் நிற்காதவனுக்குச் செங்கல் தட்டுப்படும். அதற்கும் நிற்காதவனுக்கு அவ்வளவு ஆழம் தோண்டிய களைப்பாவது வரும். மனிதனின் புத்தி மேல் இவ்வளவு நம்பிக்கையில்லாமல் எழுதப்பட்ட நூலை நான் படித்ததில்லை. நல்ல நூல்.

மாலையில் மரியசிலுவை வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு செல்போன், ஒரு சாவிக்கொத்து. எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பக்தி என்று நினைத்தேன்.

"எழுவத்தஞ்சு என்ன சார்வாள், எம்பதே போடுதேன். நீங்க சொன்னா சரி."

மாணவர்களில்கூட இப்படி ஒருவர் எனக்கு வாய்த்ததில்லை.

ஜூலை 18, வியாழன்

வேலை தொடங்கியது. தெருக்கோடியில் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி, பில்லர் பாக்ஸ் என்பார்கள், நட்டாயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வடம்.

தெருவின் அகலம் முப்பது அடி என்று பத்திரங்கள் சொல்கின்றன. அவரவர் வாசலில் கார் ஏறுவதற்கு அவரவர் போட்டுக்கொண்ட கிரானைட் சரிவு போக மிச்சம் இருப்பதுதான் தெரு. அந்த மிச்சத்தில்தான் குழி. முதல் ஐந்து வீடுகளில் நானே இறங்கி அளந்தேன். முக்கால் மீட்டருக்குக் குறையவில்லை. என் வீட்டு வாசலில் அதற்கும் மூன்று சென்டிமீட்டர் அதிகம். மரியசிலுவை பள்ளத்தின் கரையில் நின்று கைகொடுத்து என்னைத் தூக்கிவிட்டார்.

ஜூலை 22, திங்கள்

இசக்கியப்பன் அண்ணாச்சி வீட்டு வாசலில் சிக்கல். வரைபடத்தில் வடம் அவர் கிரானைட்டுக்கு அடியில் போகிறது. கல்யாணத்துக்காகப் புதிதாகப் பதித்த கல். ஆள் குனிந்தால் முகம் தெரியும்.

"அந்தக் கல்லத் தொட்டா கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்த்து அல்ல, பொதுவாக.

ஆகவே வடம் வடகிழக்கு மூலை வழியாகத் திரும்புகிறது. அங்கே ஒரு பாய் விரிக்கும் அளவு மண் இருக்கிறது. அதில் ஒரு நந்தியாவட்டைச் செடி. இந்தத் தெருவில் வெயில் படும் மண் இனி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மரியசிலுவையின் ஆட்கள் தோண்டினார்கள். கொஞ்சத்திலேயே சுக்கான் பாறை. டங், டங் என்ற சத்தம் என் வீடு வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை. பாறை முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஜூலை 24, புதன்

கடப்பாரை தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டது. குழாய்க்கும் வடத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்கிறது விதி. இவர்கள் குழாய் இருந்த இடத்தையே அந்த இடைவெளியாக வைத்துக்கொண்டார்கள்.

நான் போனபோது அண்ணாச்சி வீட்டு மூலைக் குழி முழுக்கத் தெளிந்த தண்ணீர். அடியில் கருப்பு வடம் தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, மேலே தெரிந்தது. இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. நீருக்கு அடியில் இருக்கும் பொருள் உள்ள ஆழத்தைவிட மேலேதான் தெரியும். உண்மையான ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் கண்ணுக்குப் படும். ஒளிவிலகல். வாளியும் நாணயமும் வைத்து வருடந்தோறும் நான் நடத்திக் காட்டிய பாடம். ஆகவே கண்ணை நம்பாமல், தெரியும் ஆழத்தை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினேன். மனக்கணக்குப் போடும்போது என் தலை தானாக மேலும் கீழும் ஆடும். சிறுவயதிலிருந்தே உள்ள பழக்கம்.

"ஆழம் போதும்லா சார்வாள்?" என்றார் மரியசிலுவை.

நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"சார்வாள் ஓகே சொல்லிட்டாக. ஏல, கொழாய ஒட்டிட்டு மூடுங்கல!"

விடை முப்பது சென்டிமீட்டர் என்று வந்தது. அது வந்தபோது மரியசிலுவை அடுத்த வீட்டில் இருந்தார்.

ஜூலை 25, வியாழன்

வயிறு சரியில்லை. குழி மூடும் இடத்துக்குப் போகவில்லை.

ஜூலை 27, சனி

அந்த மூலை மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கென்று இறக்கிய செங்கல், அண்ணாச்சி வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி அடுக்கிய மேனிக்கு இருக்கிறது. மணலும் குவித்த மேனிக்கு இருக்கிறது. நாடா உருளை உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. ஒருவேளை இவையெல்லாம் மிச்சமாக இருக்கலாம். தாராளமாக வாங்கியிருக்கலாம். மனிதர்களைச் சந்தேகிக்கும் முன் என் பார்வையைச் சந்தேகிப்பது நல்லது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

புது இணைப்பில் மின்சாரம் வந்தது. பழைய கம்பிகளை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். தெருவில் லட்டு கொடுத்தார்கள். எல்லோரும் தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்து, "என்னா சுத்தமா இருக்கு" என்றார்கள். ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை. காக்கைகள் மட்டும் உட்கார இடம் இல்லாமல் சங்கத்தின் பெயர்ப்பலகை மேல் உட்கார்ந்து, தங்கள் கருத்தைப் பதிவு செய்தன.

அண்ணாச்சி எனக்குச் சால்வை போட்டார். கழுத்து அரித்தது. நான் கழற்றவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விடியற்காலை நடைக்குப் போனவன், அண்ணாச்சி வீட்டு மூலையில் மண்ணுக்குள் குடையை மெல்லக் குத்திப் பார்த்தேன். புது மண், பொதபொதவென்று இறங்கியது. ஒரு சாண், நாலு விரல். அதற்குமேல் ரப்பர் மாதிரி எதிலோ முட்டி நின்றது. நாடா இல்லை, செங்கல் இல்லை, மணல் இல்லை. ஒளிவிலகலும் இல்லை.

அண்ணாச்சி பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"என்ன சார்வாள், எங்க மண்ணுல பொதையலு பாக்கீரா?"

"செடிக்கு... வேருக்குக் காத்து..." என்றேன்.

குடையின் முனை இரும்பு என்பதும், வடத்தில் மின்சாரம் ஓடுகிறது என்பதும் வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் சேர்ந்து நினைவுக்கு வந்தன. தனித்தனியாக இரண்டும் முன்பே தெரியும்.

ஆகஸ்ட் 10, சனி

யோசித்துப் பார்த்தால், அங்கே யார் தோண்டப் போகிறார்கள்? ஒரு நந்தியாவட்டைச் செடி. அதற்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். முக்கால் மீட்டர் என்பது தோண்டுகிறவர்களுக்காக எழுதப்பட்ட விதி. தோண்டாத இடத்தில் ஒரு சாணும் ஆழம்தான்.

இந்த வாதம் எனக்குத் திருப்தியாக இருந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசை.

ஆகஸ்ட் 19, திங்கள்

பந்தல் முப்பிடாதி வந்திருந்தான். எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு ஓலை மாற்றுவது அவன்தான். மூங்கில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே ஓலை எடுத்துக் கொடுக்கும் என்னை வேலை வாங்கினான்.

"சார்வாள், ஓலைய நோட்டு மாரி நீட்டாதீய, குறுக்க நீட்டுங்க. நாலு எழுத்துப் படிச்ச கையின்னு ஓலைக்கே தெரியுது."

பகவதி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணாச்சி வீட்டுப் பந்தலும் நீதானா முப்பிடாதி?"

"நான் இல்லாம யாரு மதினி? அடுத்த வாரம் புதன்கெழம காலைல ஏழு மணிக்கு முகூர்த்தக்கால் ஊனுதோம். ஈசான மூலைல. வேற எங்கயும் ஊன முடியாதுல்லா, எல்லாத்தையும் கல்லப் போட்டு மூடிட்டாவ. அந்த நந்தியாவட்டையப் பிடுங்கிட்டு அதுலதான் குழி."

நான் ஓலையைக் கீழே வைத்தேன்.

"எவ்வளவு ஆழம் தோண்டுவே?"

"ஒரு மொழம். கால் ஆடக்கூடாதுல்லா. அஞ்சு சுமங்கலிய பாலும் மஞ்சத்தண்ணியும் ஊத்துவாவ. நான் செருப்பு போடமாட்டேன், சாமி காரியம். மூணு குத்துல எறக்கிருவேன், பாத்துக்கிடுங்க."

ஒரு முழம் என்பது இரண்டு சாண். இரும்புக் கடப்பாரை, வெறுங்கால், ஈர மண். என் தலை தானாக ஆடத் தொடங்கியது.

"கொஞ்சம் மெதுவாக் குத்து முப்பிடாதி" என்றேன்.

"மெதுவாக் குத்துனா பொண்ணுக்குப் பேரன் பொறந்த பொறவுதான் குழி விழும்" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சொல்லவேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

கூடத்தில் அழைப்பிதழ்களுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்க வாசலில் ஒரு ஆபத்து" என்று தொடங்கினேன்.

அவர் மனைவி வடிவு கையில் மஞ்சளோடு எழுந்துவிட்டார். "ஐய, மங்களகாரியம் நடக்குற எடத்துல என்ன பேச்சு இது! சார்வாளுக்குக் கேசரி கொண்டாங்கடி."

கேசரி வந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே, மங்களமான சொற்களைத் தேடித்தேடி, ஈசான மூலையில் வடம் கொஞ்சம் மேலாகக் கிடக்கிறது, கடப்பாரை பட்டால் நன்றாக இராது என்று சொல்லிவிட்டேன். சொன்னேன். அதை இங்கே குறித்துவைக்கிறேன்.

அண்ணாச்சி என்னை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"நீருதானவே தலையாட்டுனீரு?"

"அது கணக்கு..."

"என்ன கணக்கு? இப்பம் குழியத் தோண்டணும்னா கல்ல ஒடைக்கணும். மாப்பிள்ள வீடு வார நேரத்துல வாசல ரணகளமாக்கச் சொல்லுதீரா? கரன்ட்டு பூமிக்குள்ள போனா பூமி இழுத்துக்கிடும். எர்த்துன்னு சும்மாவா சொல்லுதாவ?"

சட்டைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தேன். எர்த்தைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சவத்த விடும்" என்றார். வாசல்வரை வந்து அழைப்பிதழ் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில், நல்வரவை விரும்புவோர் வரிசையில் என் பெயர்: பேராசிரியர் குற்றாலிங்கம், டெக்னிக்கல் கமிட்டி.

நல்ல கெட்டி அட்டை.

ஆகஸ்ட் 24, சனி

வேறு வழி தோன்றியது. அந்த ஒரு மணி நேரம் பில்லர் பாக்ஸைத் திறந்து, அந்த வீட்டு வடத்தின் பியூஸைப் பிடுங்கிவிட்டால் போதும். கல்லும் உடையாது, வார்த்தையும் கெடாது. சாவி மரியசிலுவையிடம். போன் செய்தேன்.

"சாவி தொலஞ்சு போச்சே சார்வாள். என்னத்துக்கு?"

"அந்த மூலையில் ஆழம் போதாது."

"எழுவத்தஞ்சு இருக்கு."

"நான் குத்திப் பார்த்தேன். முப்பதுதான்."



"நீங்க தலையாட்டினதுக்கு எம் பயலுவ நாலுபேரு சாட்சி" என்றார். "வயசான காலத்துல எதுக்கு சார்வாள் டென்ஷன்?"

ஆகஸ்ட் 26, திங்கள்

அண்ணாச்சி வீட்டுப் பின்பக்கம் சமையலுக்குக் கோட்டை அடுப்பு கட்டிவிட்டார்கள். வடத்தின் மேல் இருக்கவேண்டிய செங்கல். வாசலில் கார்கள் நிற்குமிடத்தை மஞ்சள் நாடாவால் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்; 'அபாயம், கீழே மின்வடம்' என்று வரிசையாகக் காற்றில் படபடக்கிறது. விருந்தாளி ஒருவர் அதைப் படித்துவிட்டு, எச்சரிக்கையாகத் தம் காரை நகர்த்தி ஈசான மூலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

விதிப்படி எல்லாப் பொருளும் வாங்கப்பட்டிருக்கிறது. எல்லாம் பயன்பட்டும் இருக்கிறது. மண்ணுக்குக் கீழே இருக்கவேண்டியது மேலே இருக்கிறது என்பது ஒன்றே குறை.

முப்பிடாதி அங்கேதான் மூங்கில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் நேராகச் சொல்லிவிடத்தான் போனேன். அண்ணாச்சியும் அங்கே நின்றார். அவன் வேலையாக இருந்தான். வெயில் வேறு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

"நாளைக்கு எனக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லாமல் இருக்கும் போலத் தோன்றுகிறது" என்று பகவதியிடம் சொன்னேன். "நாளைக்கு வரப்போற வயித்துவலிக்கு இன்னைக்கே மாத்திர போட்டுட்டு, காலைல கெளம்புங்க. அஞ்சு சுமங்கலில நானும் ஒருத்தி" என்றாள்.

அவளும் பால் ஊற்றப் போகிறாள். என்னிடம் அதுவரை சொல்லவில்லை. நானும் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

ஆறரைக்குப் போனோம். வாசலில் நாற்பது பேர். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில். நந்தியாவட்டையைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டிய மூங்கில் சுவரில் சாய்ந்திருந்தது. வடிவும் பகவதியும் இன்னும் மூன்று பெண்களும் பால்சொம்போடு நின்றார்கள். மரியசிலுவை பட்டு வேட்டியில் வந்திருந்தார். கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

முப்பிடாதி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். கடப்பாரையின் முனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நான் போய்க் கோலத்தின் மேல் நின்றேன்.

வேறெதுவும் செய்யவில்லை. நின்றேன். பேசுவதாகத்தான் இருந்தேன், கால் வந்துவிட்டது, குரல் வரவில்லை.

"ஏங்க, கோலத்த மிதிக்கிய" என்றாள் பகவதி.

நான் நகரவில்லை. கூட்டத்தில் சிரிப்பு. இசக்கியப்பன் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"நம்ம சார்வாளுக்கு மொதக் குத்து குத்தணும்னு ஆச போல! பெரியவுக, டெக்னிக்கல் கமிட்டி வேற! குடுவே முப்பிடாதி, ஒப்புக்கு ஒரு குத்து குத்தட்டும்."

கடப்பாரை என் கைக்கு வந்தது. இவ்வளவு கனம் என்று நான் நினைத்திருக்கவில்லை. கைதட்டினார்கள். எனக்காக இரண்டாவது முறை.

அப்போதுதான் குரல் வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல். ஓய்வுபெற்ற பிறகு அது என்னிடம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"இங்கே ஒரு சாண் நாலு விரல் ஆழத்தில் கேபிள் கிடக்கிறது. அதில் கரன்ட் இருக்கிறது."

ஒலிபெருக்கிக்காரர் நாதஸ்வரத்தை நிறுத்தினார்.

"யாரு சொன்னா?" என்றார் மரியசிலுவை, கல்லின் மேலிருந்தே. "விதிப்படி எழுவத்தஞ்சு. அடில மணலு, மேல மணலு, செங்கலு, டேப்பு. எல்லாம் போட்டு மூடியிருக்கேன். சார்வாளே பாத்துத் தலையாட்டுனாக. மறந்துட்டாக, வயசு."

விதியை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். நான் ஒருமுறைதான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

நான் கடப்பாரையை அவர் பக்கம் நீட்டினேன்.

"அப்படியானால் நீங்களே குத்துங்கள்."

"நானா? நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன் சார்வாள். முகூர்த்தக்கால நான் எப்படி..."

"அதுக்கென்ன, குத்துங்க" என்றார் வடிவு. "எல்லாம் ஒரே சாமிதான். நல்ல நேரம் போவுது."

"எனக்குத் தோள்பட்டைல பிடிப்பு" என்றார் மரியசிலுவை. ஒரு அடி பின்னால் வைத்தார்.

நான் கடப்பாரையை அண்ணாச்சி பக்கம் திருப்பினேன்.

"பொண்ணப் பெத்தவன் குத்தக்கூடாதுவே" என்றார் அவர். அப்படி ஒரு வழக்கம் அன்றுவரை எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொண்டே, வாசலில் நின்ற மகளைத் தோளைப் பிடித்து நடைக்குள் தள்ளினார். சத்தமில்லாமல், மெதுவாக.

பகவதி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். பால்சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

மரியசிலுவை சொன்ன எழுபத்தைந்தை முப்பிடாதி நம்பிவிட்டான்; அவனுக்கு இதெல்லாம் பெரியமனிதர்கள் மரியாதை கொடுத்து வாங்கும் விளையாட்டாகத் தெரிந்திருக்க வேண்டும். வெயில் ஏறுகிறது; அவனுக்கு இன்னும் இரண்டு வீட்டில் பந்தல் வேலை.

"ஏழு மணி ஆவுது. இங்க கொண்டாங்க சார்வாள், ஒங்களுக்கு எதுக்கு இந்தக் கனம்" என்று கையை நீட்டினான்.

அடுத்து நடந்தது எனக்குத் தெளிவாக நினைவில்லை. கடப்பாரை என் கையிலிருந்து போய்விட்டது. அவன் பிடுங்கவில்லை. அவன் என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு, வெறுங்காலை அகட்டி வைத்து, இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"ஏ முப்பிடாதி! வேண்டாம்ல! போடுல கீழ!"

கத்தியது நான் அல்ல. மரியசிலுவை. கல்லின் மேலிருந்து குதித்துவந்து, தோள்பட்டைப் பிடிப்போடு, அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். இருவரும் கோலத்தின் மேல் விழுந்தார்கள். கடப்பாரை கிரானைட்டில் விழுந்து, ஒரு கல் மூலையோடு உடைந்தது.

மரியசிலுவை எழுந்து, பட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். தெருக்கோடிக்குப் போய்ப் பில்லர் பாக்ஸைத் திறந்தார். தொலைந்துபோன சாவி முதல் தடவையிலேயே பொருந்தியது. அண்ணாச்சி வீட்டில் விளக்குகள் அணைந்தன.

முப்பிடாதி உட்கார்ந்த மேனிக்கு எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

"மெதுவாக் குத்துன்னு சொன்னீயளே சார்வாள்" என்றான். அவ்வளவுதான்.

ஏழரைக்குள் ஒரு பெயின்ட் வாளியில் மணலை நிரப்பி, அதில் மூங்கிலை நட்டார்கள். பூமியில் அல்லவா ஊன வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். மணலும் பூமிதானே என்றார் வடிவு. வடத்தின் அடியில் போடவேண்டிய மணல்தான் அது. பகவதி பால் ஊற்றவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு இந்த வரி எழுதும்வரை என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கல்யாணம் நன்றாக நடந்தது என்று கேள்வி.

செப்டம்பர் 3, செவ்வாய்

கிரானைட்டை உடைத்துவிட்டார்கள். பழைய வரைபடத்தின் வழியே, பாறையைக் குடைந்து, முக்கால் மீட்டர். மரியசிலுவை யாரும் கேட்காமலே வந்து செய்கிறார். அடுப்பிலிருந்து பிரித்துவந்த செங்கல்லில் கரி ஒட்டியிருக்கிறது, அடுக்கினால் தெரியாது. நாடாவையும் கழற்றி வந்து போட்டார்கள். அளக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. டெக்னிக்கல் கமிட்டியைக் கலைத்துவிட்டதாகச் சங்கத்தில் தீர்மானம். நல்ல காரியத்தில் கலவரம் செய்தது காரணம். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை.

முப்பிடாதி வந்து பாக்கி ஓலையைக் கட்டிவிட்டுப் போனான். ஓலை எடுத்துக் கொடுக்க வேறு ஆள் கூட்டிவந்திருந்தான். பகவதி அவனுக்கு மோர் கொடுத்தாள். எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்தாள், பேசாமல்.

முதல் நாள் எழுதிய வரிசையை எடுத்துச் சரிபார்த்தேன். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்று, மிகவும் சரி. ஐந்து, ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நான்காவது தவறு. மரியசிலுவைக்கு விதி தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வாசலில் விதி தெரியாதவன் ஒருவன்தான் இருந்தான். கடப்பாரையை அவன் கையில்தான் கொடுத்தோம்.